ஜாக் டாட்டியோட 'பரேட்' (1974): திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ஜாக் டாட்டி ஒரு பிரெஞ்சு காமெடி டைரக்டர், நடிகர். அவரோட 'ப்ளே டைம்' பாத்து மிரண்டு போனவங்க, 'மான் ஓங்கிள்' பாத்து சிரிச்சவங்க, அவரே ஹுலோங்கற கேரக்டரா நடிச்ச படங்க எல்லாத்தையும் ஒரு ரவுண்டு முடிச்சவங்கன்னு ஒரு கூட்டமே இருக்கு. எல்லாரும் லிஸ்ட்டோட கடைசில வந்து நின்னுட்டு, இந்த 'பரேட்'ட மட்டும் பாக்கணுமா விட்ரலாமான்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது. அதனால மொத்தமா இங்க எழுதிட்டேன்.

இது என்ன படம், சுருக்கமா சொல்லுங்க?

ஸ்வீடன்ல, ஸ்டாக்ஹோம்ல ஒரு பழைய சர்க்கஸ் அரங்கம். அதுல ஒரு நாள் ஷோ. ஜனங்க வர்றாங்க, உக்காறாங்க, வித்தை காட்டுறாங்க, நடுவுல இன்டர்வெல் விடுறாங்க, மறுபடி வித்தை, ஷோ முடியுது, வீட்டுக்குப் போறாங்க. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள அவ்ளோதான். ரிங் மாஸ்டரா வர்றது டாட்டியே. நடுநடுவுல அவரே வந்து தன்னோட பழைய மைம் (பேசாம உடம்பாலயே நடிச்சுக் காட்டுறது) ஐட்டங்களையும் செஞ்சு காட்டுவாரு. ஹீரோ, வில்லன், காதல் எதுவும் கெடையாது.

பேரை எப்படி சொல்றது? டாட்டியா, தாத்தியா?

பிரெஞ்சுக்காரங்க சொல்றத அப்படியே எழுதுனா 'தத்தி'ன்னுதான் வரும். நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும், அதனால நான் டாட்டின்னே வச்சுக்கிறேன். முழுப் பேரு ஜாக் டாட்டிஷெஃப், அப்பா வழியில ரஷ்யக் குடும்பம், 1907ல பாரிஸ் பக்கத்துல லெ பெக்ல பொறந்தவரு. படத்துக்கு சட்டம் போடுறதுதான் குடும்பத் தொழில், இவரும் சின்ன வயசுல அதத்தான் கத்துக்கிட்டாரு. இத ஞாபகம் வச்சுக்குங்க, சட்டத்தோட ஓரத்துல என்ன இருக்குன்னு பாக்குற பழக்கம் இந்த மனுஷனுக்கு கடைசி வரைக்கும் போகல.

அவ்ளோ பெரிய டைரக்டர் எதுக்கு போயும் போயும் ஸ்வீடன் டிவிக்கு சர்க்கஸ் படம் எடுக்கணும்?

எல்லாம் பணம்தான். 'மான் ஓங்கிள்' 1958ல வந்துச்சு, அடுத்த வருஷம் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கு ஆஸ்கர் வாங்குச்சு. மனுஷன் உச்சத்துல நின்னாரு, என்ன கேட்டாலும் குடுக்க ஆள் இருந்துச்சு. அந்தத் தைரியத்துல 'ப்ளே டைம்' ஆரம்பிச்சாரு. பாரிஸுக்கு வெளியில ஒரு ஊரையே செட்டா போட்டாரு, ரோடு, கண்ணாடி பில்டிங், டிராஃபிக் லைட்டு எல்லாத்தோடயும். பத்திரிகைக்காரங்க அதுக்கு டாட்டிவில்லுன்னு பேரே வச்சுட்டாங்க. புயல் வந்து செட்டு சேதமாச்சு, திரும்பக் கட்டுனாரு. 70 மி.மீ.ல எடுத்தாரு. ஷூட்டிங் இழுத்து இழுத்து மூணு வருஷம் பக்கம் போச்சு. கடன் வாங்குனாரு, அது தீர்ந்து மறுபடி வாங்குனாரு, வீட்டையும் அடமானம் வச்சாரு. 1967ல ரிலீஸ் ஆகி ஓடல. இன்னைக்கு உலகத்துல நல்ல படம்னு யார் லிஸ்ட் போட்டாலும் அதுல இருக்கும், ஆனா அன்னைக்கு அந்தப் படம் அவர முழுங்கிருச்சு. வீடு போச்சு, கம்பெனி திவாலாச்சு, தான் எடுத்த பழைய படங்களோட ரைட்ஸே கைய விட்டுப் போச்சு.

அப்புறம் 1971ல 'ட்ராஃபிக்'. அது ஒண்ணும் மோசமில்ல, ஆனா கடன் தீர்ற அளவுக்கெல்லாம் இல்ல. பிரான்ஸ்ல யாரும் பெரிய பட்ஜெட் குடுக்கத் தயாரா இல்லாத நேரத்துல ஸ்வீடன் டிவிக்காரங்க சேர்ந்து பண்ணலாம்னு வந்தாங்க, இவரும் சரின்னுட்டாரு. ஊரையே கட்டுன மனுஷன் இப்ப ஏற்கெனவே கட்டி வச்சிருக்குற ஒரு அரங்கத்துக்குள்ள போயி கேமராவ வச்சாரு. அப்ப அவருக்கு வயசு 66 பக்கம்.

இதைக் கேட்டதும் 'பாவம், வயித்துப் பிழைப்புக்கு எடுத்த படம்'னு முடிவு கட்டிராதீங்க. நானும் அப்படி நெனச்சுட்டுதான் போட்டேன்.

ஹுலோ இருக்காரா இல்லையா?

இல்ல. கோட்டு, பைப்பு, ஏத்திக் கட்டுன பேன்ட்டு, முன்னாடி சாஞ்ச நடை, எதுவும் இல்ல. ஹுலோவா அவர் வந்தது நாலு படம்தான், 'மிஸ்யூ ஹுலோவின் விடுமுறை' (1953), 'மான் ஓங்கிள்', 'ப்ளே டைம்', 'ட்ராஃபிக்'. இதுல வர்றது மிஸ்யூ லொயால். அது ஒரு கேரக்டரோட பேருன்னு நெறைய பேர் நெனச்சுக்கிறாங்க, அப்படி இல்ல. பிரான்ஸ்ல சர்க்கஸ் ரிங் மாஸ்டர் யாரா இருந்தாலும் மிஸ்யூ லொயால்னுதான் கூப்பிடுவாங்க, லொயால்னு ஒரு பழைய சர்க்கஸ் குடும்பம் இருந்துச்சு, அதுல இருந்து வந்த பேரு. ஹுலோவத் தேடி இந்தப் படத்துக்கு வந்தா ஏமாந்துதான் போவீங்க, முன்னாடியே சொல்லிட்டேன்.

சரி, அப்ப கதைன்னு என்னதான் நடக்குது?

ஒண்ணு சொல்றேன் பாருங்க. ஆரம்பத்துல ஜனங்க அரங்கத்துக்குள்ள போக வந்துட்டு இருக்காங்க. அதுல ஒரு பையன், ரோட்டுல தடுப்புக்கு வைப்பாங்களே கோடு போட்ட கோன், அதுல ஒண்ண எடுத்து தொப்பி மாதிரி தலையில மாட்டிக்கிறான். பக்கத்துல இருக்குறவங்க பாத்து சிரிக்கிறாங்க. அவ்ளோதான், கேமரா அதுமேல உக்காந்துக்கிட்டு நகராம இருக்கல, அடுத்ததுக்குப் போயிருது.

இந்த ஒரு நிமிஷத்துலயே மொத்தப் படத்தையும் சொல்லிட்டாருன்னு எனக்கு நாலாவது தடவ பாக்கும்போதுதான் உறைச்சுச்சு. டிக்கெட் காட்டி உள்ள போகுறதுக்கு முன்னாடியே ஷோ ஆரம்பிச்சாச்சு, அதை ஆரம்பிச்சு வச்சது ஆர்ட்டிஸ்ட் இல்ல, பாக்க வந்த ஒரு பையன். அப்புறம் டாட்டி மேடைக்கு வந்து எல்லாரும் இதுல கலந்துக்கலாம், இங்க ஆர்ட்டிஸ்ட்டும் கோமாளியும் நீங்களும் நானும்தான்ங்கிற மாதிரி சொல்லுவாரு. எல்லா ஷோலயும் ஆங்கர் சொல்ற சம்பிரதாயப் பேச்சுன்னு நாம விட்ருவோம். ஆனா அவரு அத நிஜமாவே சொல்றாரு.

பார்வையாளர்கள்ல சில பேரு அட்டை மாதிரி தெரியுறாங்களே, எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு கண்ணு நல்லா இருக்கு. அட்டையேதான்! கூட்டத்துக்கு நடுவுல அங்கங்க வெட்டி ஒட்டுன ஆளுங்க உக்காந்திருப்பாங்க. 'ப்ளே டைம்'லயும் தூரத்துல நிக்குற ஆளுங்க சில பேரு அட்டைதான். அங்க காசு மிச்சம் பிடிக்கன்னு சொல்லலாம். இங்க அது மட்டும் காரணம்னு எனக்குத் தோணல. ஏன்னா இங்க பார்வையாளர்ங்கற கூட்டமே மூணு தினுசா இருக்கு. நிஜமா டிக்கெட் வாங்கி வந்த ஜனங்க, நடுவுல உக்காத்தி வச்ச நடிகருங்க, அப்புறம் அட்டை. யார் யாருன்னு நாம கண்டுபிடிக்க முடியாதபடி கலக்கி விட்டிருக்காரு. மேடைப் பக்கமும் அப்படித்தான். செட்டுக்கு பெயின்ட் அடிச்சுட்டு நிக்குற ஆளுங்கன்னு நாம நெனச்சுட்டு இருப்போம், திடீர்னு அவங்க பிரஷ்ஷத் தூக்கிப் போட்டு ஜக்ளிங் பண்ண ஆரம்பிப்பாங்க. வேலைக்காரனா வித்தைக்காரனா? கேமரா அதுக்கு பதில் சொல்லாது.

இதுல ஒரு நீண்ட கணக்கு இருக்கு. ஆரம்பத்துல இருந்தே டாட்டிக்கு ஒரு ஆசை, காமெடிங்கறது ஒரே ஆளோட சொத்தா இருக்கக்கூடாது. சாப்ளின் படத்துல ஜோக்கு எங்க நடக்கும்? சாப்ளின் நிக்குற இடத்துல நடக்கும். டாட்டி படத்துல அது எங்க வேணா நடக்கும், ஓரத்துல போற ஒரு பாட்டி பண்ணலாம், கண்ணாடிக் கதவு பண்ணலாம், நாற்காலி பண்ணலாம். 'ப்ளே டைம்' வர்றப்ப ஹுலோவே கூட்டத்துல கரைஞ்சு போயிருப்பாரு, அவர மாதிரியே கோட்டு போட்ட டூப்ளிகேட் ஹுலோங்க வேற அங்கங்க நடமாடுவாங்க. அந்த ரோட்டுல இன்னும் ஒரு அடி எடுத்து வச்சா 'பரேட்' வந்துரும். இதுல ஹுலோவும் இல்ல, கதையும் இல்ல, மேடையில ஒரு பாதி, நாற்காலியில மறுபாதி, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கயித்த அவுத்து விட்டுட்டாரு.

அதனால இத பாக்கும்போது ஒண்ணு பண்ணுங்க, மேடையில வித்தை நடக்கும்போது வித்தையப் பாக்காதீங்க, பின்னாடி வரிசையப் பாருங்க. அந்தக் காலத்து நீள முடிப் பசங்க, கலர் கலரா சட்டை, தூக்கக் கலக்கத்துல ஒரு கொழந்தை, என்னத்த இதுன்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரு பெரியவர். முதல் தடவ நான் வித்தைய மட்டும் பாத்தேன், சுமாரான சர்க்கஸ்னு தோணுச்சு. வித்தைய மட்டும் பாத்தா அது சுமாரான சர்க்கஸ்தான்.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும். எல்லாரும் சமம், எல்லாரும் கோமாளின்னு படம் முழுக்க சொல்லிட்டு, டாட்டி மேடைக்கு வந்து கால ஒரு தடவ அசைச்சாருன்னா மீதி ஒருத்தரும் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. அவரோட தியரிய அவரோட உடம்பே தோக்கடிச்சிருது. எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்ச விஷயமே இந்த முரண்பாடுதான்.

அந்த மைம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லுங்களேன்.

இதுக்காகவே படத்தைப் பாக்கலாம். சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி டாட்டி மியூசிக் ஹால் ஆர்ட்டிஸ்ட், அதாவது பாட்டு, காமெடி, வித்தைன்னு கலந்து நடத்துற மேடை ஷோக்காரரு. அதுக்கும் முன்னாடி ரக்பி ஆடுவாரு. மேட்ச் முடிஞ்சதும் டீம் பசங்க முன்னாடி அன்னைக்கு யார் எப்படி ஆடுனாங்கன்னு நடிச்சுக் காட்டுவாராம், அதுவே வளர்ந்து மேடை ஐட்டமா ஆச்சு. 1930கள்ல பாரிஸ்ல அது பெரிய ஹிட்டு. கொலெத்னு பெரிய எழுத்தாளர், 1936ல இவர மேடையில பாத்துட்டு அசந்து போயி பத்திரிகையில எழுதுனாங்க. பந்தும் இவரே, பேட்டும் இவரே, ஆடுறவரும் இவரே, குதிரையும் இவரே, குதிரைக்காரனும் இவரேங்கிற மாதிரி.

அந்தக் குதிரை இந்தப் படத்துல இருக்கு. முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல கழிச்சு அதே ஐட்டத்த அதே மனுஷன் செய்யுறாரு. இடுப்புக்கு மேல பாத்தீங்கன்னா முதுக நிமித்தி கடிவாளத்தப் புடிச்சுட்டு ரொம்ப பந்தாவா உக்காந்திருக்குற ஒரு கனவான். இடுப்புக்கு கீழ பாத்தா சொன்ன பேச்சு கேக்காத குதிரை, காலைத் தூக்கித் தூக்கி வச்சு பக்கவாட்டுல போகுது. மேல இருக்குறவருக்கு கீழ என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சங்கடம், ஆனா வெளியில காட்டிக்க மாட்டாரு. ரெண்டு கால்தான் இருக்கு, ஆனா நாலு கால் இருக்குற மாதிரி சத்தியமா தெரியும். ஆறடிக்கு மேல உயரம், நல்லா கனத்துப் போன உடம்பு, ஆனா தரையில பாதம் படுறது பூனை மாதிரி.

கோல்கீப்பர் ஐட்டமும் இருக்கு. பந்து கெடையாது, கோல் போஸ்ட்டு கெடையாது, எதிர் டீமே கெடையாது. அவரோட கண்ணு மட்டும் பந்து பின்னாடி போகுது, நம்ம கண்ணு அவர் கண்ணு பின்னாடி போகுது. இத ஒரு தடவ எங்க அக்கா பொண்ணுக்குப் போட்டுக் காட்டுனேன், அப்ப ஆறு வயசு. ஏன் பந்து இல்லன்னு கேப்பான்னு பாத்தேன். "மாமா, கோல் ஆயிடுச்சா?"ன்னு கேட்டா. இதுக்கு மேல விமர்சனம் எழுத எனக்குத் தெரியல.

இன்னும் பாக்ஸர், அந்தக் காலத்து டென்னிஸ்காரர், தூண்டில் போடுறவருன்னு வருவாங்க. இதெல்லாம் அவரோட மேடை வாழ்க்கையோட மிச்சம் இருக்குற நல்ல கலர் பதிவுகள்ல ஒண்ணுன்னு வச்சுக்கலாம். ஊர் ஊரா மேடையில செஞ்ச வித்தைய, வயசான காலத்துல, மறைஞ்சு போறதுக்கு முன்னாடி, ஒரு தடவ ஒழுங்கா பதிவு பண்ணி வச்சுட்டுப் போயிட்டாரு.

கழுதை சீன் உண்மையா?

கோவேறு கழுதை. கார்ல் கொஸ்மாயர்னு ஒரு வித்தைக்காரரோட மிருகம். இதுமேல யாராவது ஏறி உக்காருங்க பாப்போம்னு ஜனங்களக் கூப்பிடுவாங்க, ஒவ்வொருத்தரா வருவாங்க, அது ஒவ்வொருத்தரையும் கவுத்து விடும். இது சர்க்கஸ்ல ரொம்பப் பழைய ஐட்டம். கூட்டத்துல ஒரு சாது மனுஷன் மட்டும் எப்படியாவது போயிரணும்னு துடிப்பாரு, பக்கத்துல வீட்டுக்காரம்மா உக்காரு உக்காருன்னு இழுப்பாங்க. நான் அந்தக் கழுதைய விட்டுட்டு அந்த அம்மாவோட மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். அந்த ஆளு நடிகர்தான், ஆனா சீட்டுல உக்காந்துட்டு மேடைக்கு ஏங்குறாரு பாருங்க, அத நம்ம எல்லார் வீட்டுக் கல்யாணத்துலயும் பாத்திருப்போம், மைக்க எப்ப குடுப்பாங்கன்னு ஒரு பெரியப்பா காத்துட்டு இருப்பாரே, அந்த மூஞ்சி.

பிக்சர் ஏன் இவ்ளோ மங்கலா இருக்கு? என் பிரின்ட்டுல கோளாறா?

உங்க பிரின்ட்டுல ஒண்ணும் இல்ல. பெரும்பகுதி வீடியோல எடுத்தது. 1970கள் ஆரம்பத்து வீடியோ, அதைப் பிலிமுக்கு மாத்துனாங்க. சில துண்டுங்க நேரடியா பிலிம்லயே எடுத்தது. அதனால ஒரு ஷாட்டுல கலர் பளிச்சுன்னு இருக்கும், அடுத்த ஷாட்டுல தூர்தர்ஷன் புத்தாண்டு நிகழ்ச்சி மாதிரி இருக்கும்.

ஆனா கேமரா யாருன்னு பாருங்க. ஒருத்தரு ஜான் படால், 'ப்ளே டைம்' எடுத்தவரு. 70 மி.மீ.ல ஒவ்வொரு கண்ணாடியும் மின்னுற மாதிரி எடுத்த அதே ஆளு இப்ப டிவி வீடியோல. இன்னொருத்தரு குன்னர் ஃபிஷர், ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மனோட 'செவன்த் சீல்' படத்துக்கு கேமரா பண்ணவரு. கறுப்பு வெள்ளையில சாவோட செஸ் ஆடுற அந்தப் படத்த எடுத்த கை இங்க கோமாளிங்கள எடுக்குது. மியூசிக் சார்ல் துமோன், பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் பாடுன 'நோ, ஜ ந ரக்ரெத் ரியான்' பாட்டுக்கு மெட்டு போட்டவரு. எடிட்டிங்ல டாட்டியோட பொண்ணு சோஃபியும் இருக்காங்க.

வீடியோவ வேற வழியில்லாமதான் எடுத்தாருன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். டாட்டிக்கு புது டெக்னாலஜின்னா ஆரம்பத்துல இருந்தே ஒரு பைத்தியம் உண்டு. முதல் படம் 'ஜூர் த ஃபெத்', 1949ல வந்துச்சு. அத தாம்சன்கலர்னு ஒரு சோதனை கலர் முறையில எடுத்தாரு, பக்கத்துலயே ஒரு கறுப்பு வெள்ளை கேமராவும் வச்சிருந்தாரு, கலர பிரின்ட் போடவே முடியாம போயி கறுப்பு வெள்ளைதான் தியேட்டருக்கு வந்துச்சு. அந்தக் கலர 1995லதான் சோஃபி மீட்டெடுத்தாங்க. முதல் படத்துல யாருமே பயன்படுத்தாத கலரு, நடுவுல 70 மி.மீ., கடைசில வீடியோ. கையில காசு இருந்தாலும் இல்லாட்டியும் இந்த மனுஷன் புது பொம்மைய விட மாட்டாரு.

பேரு ஏன் 'பரேட்'? ஊர்வலமே இல்லையே?

பிரெஞ்சுல அந்த வார்த்தைக்கு பல அர்த்தம். ஊர்வலம், அணிவகுப்பு ஒண்ணு. அப்புறம் திருவிழாவுல கூடாரத்துக்கு வெளியில கூட்டம் சேக்க ஓசில கொஞ்சம் வித்தை காட்டுவாங்க பாருங்க, உள்ள வாங்க உள்ள வாங்கன்னு, அதுவும் பரேட்தான். மூணாவது, கோல்கீப்பர் பந்தத் தடுத்துட்டா அதுக்கும் அதே வார்த்தை. ரெண்டாவது அர்த்தம்தான் இந்தப் படத்துக்கு சரியா பொருந்துது, கோன் தொப்பி போட்ட பையன நெனச்சுக்குங்க. மூணாவது எனக்கு மட்டும் பிடிச்ச அர்த்தம்.

உண்மையச் சொல்லுங்க, போர் அடிக்குமா?

அடிக்கும். சில இடத்துல நல்லாவே அடிக்கும். நடுவுல பாட்டு ஐட்டங்க வரும், பியா கொலோம்போ பாடுவாங்க, பேண்ட் வாசிப்பாங்க, அதெல்லாம் அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சிதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஜிம்னாஸ்டிக் ஐட்டம் ஒண்ணு ரெண்டு நீளமா இழுக்குது. இதைப் பெரிய மாஸ்டர்பீஸ்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, ஜோனதன் ரோசன்பாம்னு அமெரிக்க விமர்சகர் இதுக்காக வருஷக்கணக்கா வாதாடியிருக்காரு (அவர் 1970கள்ல கொஞ்ச நாள் டாட்டிகிட்ட வேலையும் பாத்தவரு). அவர் எழுதுனதப் படிச்சுதான் நான் ரெண்டாவது தடவ போட்டேன், அந்த நன்றி உண்டு. ஆனா 'ப்ளே டைம்' பக்கத்துல வச்சு இத பேச என்னால முடியாது. அது கல்யாணச் சாப்பாடுன்னா இது மறுநாள் காலையில மிச்சக் குழம்ப சுண்ட வச்சு சாப்பிடுற பழைய சோறு. பழைய சோறு பிடிச்சவங்களுக்கு அது எவ்ளோ ருசின்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இது டாகுமென்டரியா?

ரெண்டும் கலந்தது. நிஜ அரங்கம், நிஜ ஜனங்க முன்னாடி ஷோ நடத்தி எடுத்தது பாதி, ஸ்டுடியோவுல தனியா எடுத்து சேத்தது மீதி. ஒரே ராத்திரி மாதிரி தெரியுறது ஒட்டுப் போட்ட ராத்திரி.

சப்டைட்டில் இல்லாம பாக்கலாமா?

தாராளமா. பேச்சு ரொம்பக் கம்மி, பேசுறதும் முக்கியமில்ல. டாட்டி படத்துல எப்பவுமே வசனத்த விட சத்தம்தான் பேசும், கதவு, செருப்பு, நாற்காலி. முடிஞ்சா ஹெட்போன் போட்டு பாருங்க.

கடைசில அந்த ரெண்டு கொழந்தைங்க சீன் எதுக்கு அவ்ளோ நேரம்?

ஷோ முடிஞ்சாச்சு. ஜனங்க போயாச்சு. முன்னாடி கூட்டத்துல அப்பப்ப காட்டுன ஒரு குட்டிப் பொண்ணும் ஒரு பையனும் காலியா கெடக்குற மேடைக்கு வர்றாங்க. அங்க பெயின்ட், பிரஷ், வாத்தியம், வித்தைக்காரங்க விட்டுட்டுப் போன தட்டுமுட்டு சாமான் எல்லாம் கெடக்குது. அதுங்க பாட்டுக்கு எடுத்து நோண்டுதுங்க, தட்டுதுங்க, கொஞ்ச நேரம் முன்னாடி பெரியவங்க பண்ணத தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணிப் பாக்குதுங்க. நடி நடின்னு சொல்லி எடுத்த மாதிரி ஒரு துளி கூட இல்ல. கொழந்தைங்க விளையாடுறத பக்கத்து ரூம்ல இருந்து எட்டிப் பாத்தா எப்படி இருக்கும், அப்படி.

இந்த சீன் நீளம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் பத்தல. மேடை மேல டைரக்டர் இல்ல, ரிங் மாஸ்டர் இல்ல, கைதட்டவும் ஆள் இல்ல. ஜோக்க ஜனங்ககிட்ட குடுத்துடணும்னு இருபத்தஞ்சு வருஷமா முயற்சி பண்ணவரு, கடைசி கடைசியா ரெண்டு கொழந்தைங்ககிட்ட குடுத்துட்டு நகந்துட்டாரு.

அப்ப இதுதான் அவரோட கடைசிப் படமா?

முடிச்ச முழுநீளப் படத்துல இதுதான் கடைசி. 1974 கான் திரைப்பட விழாவுல போட்டிக்கு வெளியில காட்டுனாங்க. அதுக்கப்புறம் 'கன்ஃப்யூஷன்'னு ஒரு ஸ்கிரிப்ட் வச்சுட்டு அலைஞ்சாரு, டிவி உலகத்தப் பத்தி, அதுல ஹுலோ ஆரம்பத்துலயே செத்துப் போயிருவாரு. ஸ்பார்க்ஸ்னு ஒரு அமெரிக்க பாப் பேண்ட், அந்த அண்ணன் தம்பிங்க நடிக்கறதா இருந்துச்சு. காசு கெடைக்கல, நடக்கல. 1978ல கோர்சிகா தீவுல பாஸ்டியா ஃபுட்பால் டீம் யுஇஎஃப்ஏ கப்ங்கற ஐரோப்பியப் போட்டியோட ஃபைனல் வரைக்கும் வந்துச்சு, நெதர்லாந்து டீம் பிஎஸ்வி கூட மேட்ச். அன்னைக்கு செம மழை, கிரவுண்டு முழுக்க சேறு, ஒரு கோலும் விழல. டாட்டி அங்க போயி மேட்ச எடுக்காம கொடி கட்டுற ஜனங்கள, மழையில நனையுற ஜனங்களத்தான் அதிகம் எடுத்தாரு. அந்த ஃபுட்டேஜ் கெடப்புல கெடந்துச்சு, அவர் 1982ல போனப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு சோஃபி அத எடிட் பண்ணி 'ஃபோர்சா பாஸ்டியா'ன்னு குறும்படமாக்குனாங்க. 'பரேட்' பிடிச்சிருந்தா அதையும் பாருங்க, ரெண்டும் ஒரே ஆளோட ஒரே கிறுக்குத்தனம்.

டாட்டிய இதுல இருந்து ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். 'ஹுலோவின் விடுமுறை', 'மான் ஓங்கிள்', அப்புறம் 'ப்ளே டைம்', அதுவும் முடிஞ்ச வரைக்கும் பெரிய ஸ்க்ரீன்ல. அப்புறம் 'ட்ராஃபிக்'. இதெல்லாம் முடிஞ்சு இன்னும் அந்த மனுஷன் மேல ஆசை இருந்தா இதுக்கு வாங்க.

எங்க கெடைக்கும்?

பழைய படங்க எல்லாத்தையும் மீட்டெடுத்து சுத்தம் பண்ணியாச்சு, 'பரேட்'டும் அதுல உண்டு. 2014ல க்ரைடீரியன்ங்கற அமெரிக்க டிஸ்க் கம்பெனி போட்ட முழு டாட்டி பாக்ஸ் செட்ல இது இருக்கு. ஸ்ட்ரீமிங்ல வரும் போகும், தேடிப் பாத்துக்குங்க. யாரோ டிவில இருந்து பதிஞ்ச கோப்பி நெட்டுல சுத்துது, அதுல பாக்காதீங்க, ஏற்கெனவே மங்கலான வீடியோ, அதுல பின்னாடி வரிசை மூஞ்சி ஒண்ணும் தெரியாது, அதுதான் படமே.

பாக்க ஆரம்பிச்சு பாதியில தூங்கிட்டேன். என்ன பண்ண?

நானும்தான் முதல் தடவ தூங்கிட்டேன். அடுத்த தடவ கோவேறு கழுதை வர்ற இடத்துல இருந்து போடுங்க, விட்டத அப்புறம் பாத்துக்கலாம், கதை ஒண்ணும் போயிடாது.